டி.என்.ஏ. ஏன் இப்படி மடிந்திருக்கிறது? குரோமோசோம் அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோமோசோம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாடநூலில் பார்த்த எக்ஸ் வடிவப் படம். ஒரு செல்லின் வாழ்வில் மிகச் சிறிய நேரத்தைத்தான் அந்தப் படம் காட்டுகிறது. மற்ற நேரமெல்லாம் டி.என்.ஏ. எப்படி இருக்கிறது, அதன் மடிப்புக்கும் மரபணுக்கள் வேலை செய்வதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர்களும் ஆர்வம் உள்ளவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். டி.என்.ஏ. ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு கார இணை. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அதை 'எழுத்து' என்றே சொல்கிறேன்.

இரண்டு மீட்டர் டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் எப்படி அடங்குகிறது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு தொகுதிகளையும் சேர்த்தால், மனிதச் செல் ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி எழுத்துகள். ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். பெருக்கினால் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். உட்கருவின் விட்டமோ பெரும்பாலும் 6 முதல் 10 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

கேட்டால் வியப்பாக இருக்கிறது. ஆனால் இந்த வியப்பு நம்மைத் தவறான கேள்விக்குக் கொண்டுபோகிறது என்பது என் எண்ணம். நீளத்தை விட்டுவிட்டுப் பருமனைக் கணக்கிட்டுப் பாருங்கள். டி.என்.ஏ. இழையின் தடிமன் 2 நானோமீட்டர்தான். அந்தத் தடிமனில் இரண்டு மீட்டர் இழை பிடிக்கும் இடம் ஏறத்தாழ 6 கன மைக்ரோமீட்டர். 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கருவின் கொள்ளளவு 270 கன மைக்ரோமீட்டரை ஒட்டி வரும். அதாவது டி.என்.ஏ. நிரப்புவது உட்கருவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். எப்படி அடங்குகிறது என்பதைவிட, அடங்கிய பிறகு எப்படித் திறக்கிறது, எந்த இடம் திறக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

இடம் இருக்கிறது என்றால் சுற்றி மடிக்க என்ன அவசியம்?

மூன்று காரணங்கள் சொல்லலாம். ஒன்று மின்னூட்டம். டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் இருக்கும் ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர் மின்னூட்டம் கொண்டது. எதிரும் எதிரும் ஒன்றையொன்று தள்ளும். அதனால் தனியாக விட்டால் இழை விறைத்து விரிந்து நிற்கப் பார்க்கும். நேர் மின்னூட்டம் கொண்ட ஏதாவது வந்து சமன்செய்தால்தான் மடியும்.

இரண்டாவது, சிக்கு. நீளமான மெல்லிய நூலை ஒரு டப்பாவில் அள்ளிப் போட்டுக் குலுக்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே 46 நூல்கள். செல் பிரியும்போது அவை ஒவ்வொன்றும் இரண்டாகி, ஒன்றும் அறுந்துபோகாமல் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போக வேண்டும். இதில் தப்பு நடந்தால் செல் செத்துப்போகும், இல்லையென்றால் குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய செல் உருவாகும்.

மூன்றாவதுதான் இந்தப் பக்கத்தின் மையம். நம் நரம்புச் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் அநேகமாக ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. புரதம் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. ஒவ்வொரு செல்லும் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் படிக்க வேண்டும், வேண்டாததைத் தொடக்கூடாது. எது கைக்கு எட்டும், எது எட்டாது என்பதில் பெரும்பங்கை மடிப்பு தீர்மானிக்கிறது.

டி.என்.ஏ., குரோமாட்டின், குரோமோசோம் மூன்றும் ஒன்றா?

டி.என்.ஏ. என்பது இழை மட்டும். அந்த இழையும் அதோடு சேர்ந்திருக்கும் புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் கலந்த பொருளுக்குப் பெயர் குரோமாட்டின். சாயம் ஏற்றினால் நன்றாகப் பிடிக்கும் பொருள் என்பதால் ஜெர்மன் ஆய்வாளர் வால்தர் ஃபிளெமிங் இந்தப் பெயரை வைத்தார். ஒரு முழு நீள டி.என்.ஏ. இழையும் அதன் குரோமாட்டினும் சேர்ந்த ஓர் அலகு குரோமோசோம். இந்தப் பெயரை 1888இல் வால்டையர் தந்தார். செல் பிரியாத நேரத்திலும் குரோமோசோம்கள் இருக்கின்றன, தனித்தனியாகக் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். எக்ஸ் வடிவம் தெரிவது, இரட்டிப்பான இரு பிரதிகளும் இறுகி, நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிரிவுக் கட்டத்தில்.

நியூக்ளியோசோம் என்றால் என்ன?

எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஓர் உருளை. அதன்மேல் 147 எழுத்து நீள டி.என்.ஏ. ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும். எட்டு என்பது எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு வகைகளில் இரண்டிரண்டு. ஒரு நியூக்ளியோசோமுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறிது வெற்று இழை. அங்கே எச்1 என்ற ஐந்தாவது ஹிஸ்டோன் வந்து முடிச்சு போட்டதுபோல் பிடித்துக்கொள்வதும் உண்டு. சராசரியாக 200 எழுத்துக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு மனித உட்கருவில் மூன்று கோடி நியூக்ளியோசோம்கள் இருக்கும்.

ஹிஸ்டோனில் லைசின், அர்ஜினின் என்ற நேர் மின்னூட்ட அமினோ அமிலங்கள் நிறைய. மேலே சொன்ன மின்னூட்டச் சிக்கலுக்கு அதுதான் தீர்வு: டி.என்.ஏ. அதன்மேல் ஒட்டிச் சுற்றிக்கொள்கிறது.

ஹிஸ்டோனை 1884இல் ஆல்பிரெக்ட் கோசல் பறவையின் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்தார். அதன் பிறகு ஏறத்தாழ 90 ஆண்டுகள் அது டி.என்.ஏ. மேல் பூசிய ஏதோ ஒரு பூச்சு என்பது போலத்தான் பார்க்கப்பட்டது. 1974இல் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. அடா ஒலின்ஸும் டொனால்ட் ஒலின்ஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நூலில் கோத்த மணிகள் போன்ற அமைப்பைக் காட்டினார்கள். அந்த மணி ஒவ்வொன்றும் எட்டு ஹிஸ்டோன்களும் ஏறத்தாழ 200 எழுத்து டி.என்.ஏ.வும் சேர்ந்த அலகு என்று ரோஜர் கோர்ன்பெர்க் முன்வைத்தார். 1997இல் கரோலின் லூகர், டிமத்தி ரிச்மண்ட் குழுவினர் அணு அளவில் அதன் படத்தைத் தந்தபோது, டி.என்.ஏ. ஹிஸ்டோனை 14 இடங்களில் தொட்டுப் பிடித்திருப்பது தெரிந்தது.

என்னை விட்டு அகலாத ஒரு தகவல்: பசுவின் எச்4 ஹிஸ்டோனும் பட்டாணிச் செடியின் எச்4 ஹிஸ்டோனும் 102 அமினோ அமிலங்களில் இரண்டே இடத்தில்தான் வேறுபடுகின்றன. விலங்கும் தாவரமும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். இவ்வளவு காலம் கைவைக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றால், அதில் மாற்றம் வந்த உயிர் பிழைக்கவில்லை என்று பொருள்.

இறுகச் சுற்றியிருந்தால் செல் அதை எப்படிப் படிக்கிறது?

சுற்று அசையாமல் இருப்பதில்லை. நியூக்ளியோசோமின் ஓரத்தில் டி.என்.ஏ. நொடியின் சிறு பகுதி நேரத்துக்கு விலகும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். மூச்சு விடுவதுபோல என்று சொல்வார்கள். அந்த இடைவெளியில் ஒரு புரதம் புகுந்து தன் எழுத்தைப் பிடித்துவிடலாம். ஓரத்தில் இருக்கும் எழுத்துக்கு இந்த வாய்ப்பு அதிகம், நடுவில் இருப்பதற்குக் குறைவு. ஒரே எழுத்துத் தொடர் நியூக்ளியோசோமின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் விதி மாறுகிறது.

அப்புறம், இதற்கென்றே உள்ள புரத இயந்திரங்கள். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து நியூக்ளியோசோமை இழைமீது நகர்த்தும், பிரித்தெடுக்கும், வேறு வகை ஹிஸ்டோனை மாற்றி வைக்கும். இவற்றில் முதலில் ஈஸ்டில் அறியப்பட்ட ஸ்விட்ச்-ஸ்னிஃப் என்ற கூட்டுப் புரதத்தின் மனித வடிவில், மனிதப் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றில் ஏதாவது பழுது காணப்படுகிறது. டி.என்.ஏ.வைத் திறக்கும் வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூடிய இடத்திலேயே போய் உட்காரும் முன்னோடிப் புரதங்களும் உண்டு. கருவில் கல்லீரல் உருவாகும்போது ஃபாக்ஸ்-ஏ என்ற புரதம் இப்படித்தான் முதலில் நுழைந்து, மற்றப் புரதங்களுக்கு வழிவிடுகிறது.

ஹிஸ்டோன் வால், அசிட்டைல், மீத்தைல் என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு மெல்லிய வால் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் உள்ள லைசின்மீது நொதிகள் சிறு வேதிக் குழுக்களை ஒட்டவும் எடுக்கவும் செய்கின்றன. அசிட்டைல் ஒட்டினால் லைசினின் நேர் மின்னூட்டம் போய்விடும், டி.என்.ஏ.மீது பிடி தளரும். அந்தக் குறியைக் கண்டு வந்து சேரும் புரதங்களும் படிக்கும் வேலையைத் தூண்டும். அசிட்டைலுக்கும் மரபணு வேலை செய்வதற்கும் தொடர்பு இருக்கும் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964இலேயே சொன்னார். உறுதியான சான்று வர 1996 ஆயிற்று. அந்த ஆண்டு டேவிட் அல்லிஸ் குழு ஒற்றைச் செல் உயிரி ஒன்றிலிருந்து பிரித்த அசிட்டைல் ஒட்டும் நொதி, மரபணுவை இயக்குவதாக ஈஸ்டில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு புரதத்தின் உறவாக இருந்தது.

மீத்தைல் விஷயம் வேறு மாதிரி. அது மின்னூட்டத்தை மாற்றாது. எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். எச்3 வாலில் 4ஆம் லைசினில் மூன்று மீத்தைல் இருந்தால் பெரும்பாலும் அங்கே வேலை நடக்கும் மரபணு ஒன்றின் தொடக்கம் இருக்கும். 9ஆம் லைசினில் இருந்தால் மூடிய பகுதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் குறிகளைத் திறப்பு, பூட்டு என்று நேராகப் பட்டியலிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். குறி வந்ததால் மரபணு இயங்கியதா, மரபணு இயங்கியதால் குறி வந்ததா என்பது ஒவ்வோர் இடத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம். இரண்டு விதமும் நடக்கிறது.

30 நானோமீட்டர் இழை என்று படித்தோமே?

மணிமாலை சுருண்டு 30 நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கான இழையாகும், அது மேலும் சுருளும் என்ற படம் இன்னும் பல பாடநூல்களில் இருக்கிறது. சோதனைக் குழாயில், குறிப்பிட்ட உப்புச் செறிவில் அப்படி உருவாவது உண்மை. ஆனால் செல்லை உறையவைத்து அப்படியே பார்த்த ஆய்வுகளில் அந்த ஒழுங்கான இழை பெரும்பாலான செல்களில் காணவில்லை. 2017இல் வந்த ஓர் ஆய்வு, மனிதச் செல்லின் உட்கருவில் குரோமாட்டின் 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே இருக்கும் ஒழுங்கற்ற சங்கிலி என்று காட்டியது. திறந்த இடத்துக்கும் மூடிய இடத்துக்கும் வித்தியாசம், அந்தச் சங்கிலி எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது என்பதில்தான். பாடநூல் படத்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. ஒழுங்கான ஏணிப்படிபோல் அடுக்கடுக்காக மடிகிறது என்று மனதில் பதிந்துவிட்டால், பிறகு வரும் எதுவும் சரியாகப் புரியாது.

குரோமோசோமில் சில பகுதிகள் மட்டும் எப்போதும் இறுகி இருப்பது ஏன்?

1928இல் எமில் ஹைட்ஸ் பாசிச் செடிகளின் செல்களைப் பார்த்தபோது, பிரிவு முடிந்த பிறகும் சில பகுதிகள் தளராமல் அடர்ந்த சாயத்தோடு நிற்பதைக் கண்டார். அதற்கு ஹெட்டிரோகுரோமாட்டின் என்று பெயர் வைத்தார். தளர்ந்த பகுதி யூகுரோமாட்டின். இறுகிய பகுதியில் மரபணுக்கள் குறைவு. திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர்களும், இடம் விட்டு இடம் தாவக்கூடிய துண்டுகளும் அதிகம். அந்தத் துண்டுகளைத் தாவவிடாமல் அடக்கி வைப்பது இறுக்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று.

மடிப்புக்கும் மரபணு வேலைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு நான் அறிந்த மிக அழகான பழைய சான்று 1930இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களில் கண்டது. எக்ஸ் கதிர் பட்டு குரோமோசோம் உடைந்து தலைகீழாக ஒட்டியதில், கண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் மரபணு ஹெட்டிரோகுரோமாட்டினுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. மரபணுவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் கண்ணில் சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக வந்தன. சில செல்களில் பக்கத்து இறுக்கம் மரபணுவரை பரவி அதை மூடிவிட்டது, சில செல்களில் பரவவில்லை. எழுத்து அப்படியே இருக்க, அது இருக்கும் இடம் மட்டும் மாறி விளைவு மாறியது.

பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று மூடப்படுகிறது என்பது உண்மையா?

உண்மை. 1949இல் மர்ரே பாரும் யூவர்ட் பெர்ட்ராமும் பெண் பூனையின் நரம்புச் செல்களில் மட்டும் ஓர் அடர்ந்த புள்ளியைக் கண்டார்கள். அது சுருங்கி மூடிய எக்ஸ் குரோமோசோம். கருவின் தொடக்கத்தில் ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றைத் தற்செயலாக மூடுகிறது, அதன் வழிவந்த செல்கள் எல்லாம் அதையே தொடர்கின்றன என்று 1961இல் மேரி லயான் விளக்கினார். மூடப்படும் குரோமோசோமே எக்ஸிஸ்ட் என்ற நீண்ட ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும், அது அந்தக் குரோமோசோமைப் போர்த்திக்கொண்டு, அமைதிப்படுத்தும் புரதங்களை அழைத்து வரும்.

கறுப்பும் ஆரஞ்சும் திட்டுகளாகக் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெண்ணாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு திட்டும் எந்த எக்ஸ் மூடப்பட்டது என்பதைத் தோலின்மேல் எழுதிக் காட்டுகிறது. முழுக் குரோமோசோமும் மூடப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில மரபணுக்கள் தப்பித்துத் தொடர்ந்து இயங்கும்.

ஒரு மரபணுவை இயக்கும் பகுதி லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் இருக்க முடியுமா?

முடியும், நிறைய இருக்கிறது. மரபணுவை எப்போது, எந்த உறுப்பில் இயக்க வேண்டும் என்று சொல்லும் பகுதிகளைத் தூண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். கை, கால் விரல்கள் சரியாக அமைய சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு தேவை. கை கால் அரும்பில் அதை இயக்கும் தூண்டி, மனிதர்களில் ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தூண்டியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கலாம். சுண்டெலியில் அதை முழுதாக நீக்கினால் கை கால் குட்டையாகிவிடும். பாம்புகளில் இந்தத் தூண்டி சிதைந்திருக்கிறது. 2016இல் ஒரு குழு பாம்பின் தூண்டியைச் சுண்டெலியில் மாற்றி வைத்தபோது, அதன் கால்கள் முளைவிட்டு நின்றுபோயின.

இவ்வளவு தூரத்தில் இருந்து எப்படிப் பேசுகிறது? இழை வளைந்து இரண்டு இடங்களும் அருகருகே வருவதால்தான். வளைவதை நேரில் பார்ப்பது கடினம் என்பதால், அருகில் இருக்கும் டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டவைத்து, எது எதோடு ஒட்டியது என்று எண்ணும் முறை 2002இல் வந்தது. 2009இல் அதைச் செல்லின் மொத்த டி.என்.ஏ.வான ஜீனோம் முழுக்க விரித்த ஹை-சி என்ற முறை வந்தது. 2012இல் அந்த வரைபடங்களைக் கூர்ந்து பார்த்தபோது, குரோமோசோம் சில லட்சம் எழுத்து நீளமுள்ள வட்டாரங்களாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. ஒரு வட்டாரத்துக்குள் இருப்பவை தங்களுக்குள் அதிகம் தொட்டுக்கொள்கின்றன, எல்லை தாண்டித் தொடுவது குறைவு.

இந்த வட்டாரங்களை உண்டாக்குவது கோஹெசின் என்ற வளைய வடிவப் புரதம். அது இழையைப் பிடித்து, உள்ளிழுத்து உள்ளிழுத்து வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். சி.டி.சி.எஃப். என்ற புரதம் உட்கார்ந்திருக்கும் இடம் வந்தால் நின்றுவிடும். அதுவும் அந்தப் புரதம் சரியான திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால்தான். இப்படி ஒரு புரதம் இழையை இழுக்கும் என்பது நீண்ட காலம் ஊகமாகவே இருந்தது. 2018இல் கோஹெசினின் உறவான கான்டென்சின் ஒற்றை டி.என்.ஏ. இழையை இழுத்து வளையமாக்குவதை நுண்ணோக்கியின்கீழ் நேரடியாகப் படம் பிடித்தார்கள். நொடிக்கு 1,500 எழுத்துகள்வரை இழுத்தது. அடுத்த ஆண்டு மனிதக் கோஹெசினும் அதையே செய்வது காட்டப்பட்டது. இந்தத் துறையில் இத்தனை தெளிவாக ஒரு ஊகம் கண்முன் உண்மையானது அபூர்வம்.

வட்டார எல்லை அழிந்தால் நோய் வருமா?

வரலாம். 2015இல் ஜெர்மனியில் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழு, விரல்கள் குட்டையாகவும் ஒட்டியும் பிறந்த சில குடும்பங்களை ஆராய்ந்தது. அவர்களில் ஈ.பி.எச்.ஏ.4 என்ற மரபணுவைச் சுற்றியுள்ள வட்டார எல்லைகள், நீக்கத்தாலோ இரட்டிப்பாலோ தலைகீழ் மாற்றத்தாலோ குலைந்திருந்தன. அந்த மரபணுவுக்கு உரிய தூண்டிகள் எல்லை தாண்டிப் பக்கத்து மரபணுக்களைக் கை கால் அரும்பில் இயக்கிவிட்டன. அதே மாற்றங்களைச் சுண்டெலியில் உண்டாக்கியபோது அங்கும் விரல்கள் மாறின. அதுவரை பொருள் தெரியாமல் இருந்த பல குரோமோசோம் மாற்றங்களை மருத்துவர்கள் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கோஹெசினை இழைமீது ஏற்றும் புரதத்தின் மரபணு பழுதானால் கார்னீலியா டி லாங்கே நோய்த்தொகுதி வருகிறது. அது உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் அந்த மரபணுதான். ஹிஸ்டோனே பழுதாவதும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் சில கொடிய மூளைக் கட்டிகளில் எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் லைசின் மெத்தியோனினாக மாறியிருப்பது 2012இல் தெரிந்தது. ஹிஸ்டோனுக்கு உடலில் பல மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் ஒரு பிரதி மாறினாலே போதும், மூடி வைக்கும் மீத்தைல் குறி ஜீனோம் முழுக்கக் குறைந்துவிடுகிறது.

அப்படியென்றால் எல்லா மடிப்புக்கும் பொருள் உண்டா?

இல்லை. இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

2018இல் சீனாவில் ஒரு குழு ஈஸ்டின் 16 குரோமோசோம்களையும் ஒட்டி ஒரே குரோமோசோமாக்கியது. மொத்த முப்பரிமாண அமைப்பும் அடியோடு மாறிப்போனது. ஈஸ்டோ உயிர் வாழ்ந்தது; பெரும்பாலான மரபணுக்கள் முன்பு போலவே இயங்கின. போட்டியில் கொஞ்சம் பின்தங்கியது, அவ்வளவுதான். 2017இல் மனிதச் செல்லில் கோஹெசினைச் சில மணி நேரத்தில் அழித்துப் பார்த்தார்கள். வளையங்கள் மறைந்தன. ஆனால் பெரிதாக மாறிய மரபணுக்கள் குறைவு.

கேளையாடு என்ற சிறிய மான் இன்னொரு பாடம். இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6 குரோமோசோம், ஆணுக்கு 7. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு 46. பார்க்க இரண்டும் ஒரே ஜாடையில் இருக்கும். எத்தனை துண்டாக வெட்டிக் கட்டியிருக்கிறது என்பது விலங்கின் உருவத்தை அதிகம் தொடவில்லை.

முல்லரின் ஈயையும் ஒற்றைக் குரோமோசோம் ஈஸ்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இது: ஒரு மரபணு தன் அக்கம்பக்கத்தை எப்படி வைத்திருக்கிறது என்பது மிக முக்கியம்; மொத்தக் குரோமோசோமின் தோற்றம் அவ்வளவு இல்லை. வளையங்களும், முழுதாக வளர்ந்து நிற்கும் செல்லைவிட, கருவில் செல்கள் புதிதாக முடிவெடுக்கும் நேரத்தில் அதிகம் தேவைப்படுகின்றன. மேலே சொன்ன விரல் குறைபாடுகள் எல்லாம் கருவில் நேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள்.

உட்கருவுக்குள் குரோமோசோம்கள் கலந்து கிடக்கின்றனவா?

இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. மரபணு நிறைந்த 19ஆம் குரோமோசோம் உட்கருவின் நடுப்பக்கமும், மரபணு குறைந்த 18ஆம் குரோமோசோம் ஓரத்திலும் இருக்கப் பார்க்கும். ஓரத்துச் சவ்வை ஒட்டிய லேமின் என்ற புரத வலையில் மூடிய பகுதிகள் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு விதிவிலக்காக இரவில் திரியும் பாலூட்டிகளின் கண். மங்கிய ஒளியை உணரும் அவற்றின் கோல் செல்களில் மட்டும் எல்லாம் தலைகீழ்: மூடிய பகுதி நடுவில் திரண்டு, திறந்த பகுதி ஓரத்துக்கு வந்துவிடுகிறது. அந்தத் திரள் சிறு வில்லைபோல் ஒளியைக் குவிக்கிறது என்று 2009இல் காட்டினார்கள். மங்கிய வெளிச்சத்தில் கிடைக்கும் ஒளியைச் சிதறவிடாமல் காக்க, குரோமாட்டினையே கண்ணாடியாக்கிக்கொண்ட செல்.

செல் பிரியும்போது என்ன நடக்கிறது?

கோஹெசின் பெரும்பாலும் விலக, கான்டென்சின் பொறுப்பேற்று வளையங்களை நெருக்கி அடுக்குகிறது. மனிதனின் முதலாம் குரோமோசோமை நீட்டினால் 8 சென்டிமீட்டருக்கு மேல் வரும். பிரிவின்போது சில மைக்ரோமீட்டர்தான். இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் பிடிக்கும் இடம் சென்ட்ரோமியர். அதை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் எழுத்துத் தொடர் இல்லை. எச்3க்குப் பதில் அங்கே உட்கார்ந்திருக்கும் சென்ப்-ஏ என்ற தனி ஹிஸ்டோன்தான். முனைகளில் அவற்றைக் காக்கும் மூடிபோன்ற பகுதி டீலோமியர்.

பாக்டீரியாவுக்கு இதெல்லாம் உண்டா?

உட்கரு இல்லை, ஆனால் மடிப்பு உண்டு. ஈ. கோலையின் டி.என்.ஏ. 46 லட்சம் எழுத்து, நீட்டினால் 1.6 மில்லிமீட்டர்; செல்லோ இரண்டு மைக்ரோமீட்டர். முறுக்குக்கு மேல் முறுக்கு ஏற்றியும், வேறு சில புரதங்களின் துணையோடும் அடக்கி வைக்கிறது. ஹிஸ்டோன் போன்ற புரதம், உட்கரு இல்லாத இன்னொரு நுண்ணுயிர்க் குழுவான ஆர்க்கியாக்களில் இருக்கிறது. நம் ஹிஸ்டோனின் மூலம் அங்கேதான் என்று கருதப்படுகிறது.

இந்த அறிவால் மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது, சில நமக்கு மிகப் பழக்கமானவை. முறுக்கைக் கையாளும் டோபோஐசோமரேஸ் நொதிகள் இழையை வெட்டி, விலக்கி, மறுபடி ஒட்டும். சிப்ரோஃபிளாக்சசின் பாக்டீரியாவின் அந்த நொதியைத் தடுக்கிறது. எட்டோபோசைட் என்ற புற்றுநோய் மருந்து மனித நொதியை வெட்டிய நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைலை எடுக்கும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒரு செல்லின் மடிப்பு அடுத்த செல்லுக்கும், பெற்றோரின் மடிப்பு பிள்ளைக்கும் போகுமா?

செல்லிலிருந்து செல்லுக்குப் போகும். டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது பழைய ஹிஸ்டோன்கள் குறிகளோடு இரண்டு பிரதிகளுக்கும் பங்கிடப்படும்; அவற்றைப் பார்த்து நொதிகள் பக்கத்துப் புது ஹிஸ்டோனிலும் அதே குறியை வைக்கும். டி.என்.ஏ. மேலேயே ஒட்டும் மீத்தைலையும் இதுபோலப் புது இழைக்குப் பிரதி எடுக்கும் நொதி உண்டு. கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே வருவதில் இதற்கும் பங்கு உண்டு.

பெற்றோரிலிருந்து பிள்ளைக்கு என்றால் கதை வேறு. விந்தணு உருவாகும்போது ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி நீக்கப்பட்டு, புரோட்டமின் என்ற சிறிய புரதம் வந்து இன்னும் இறுக்கமாகக் கட்டுகிறது. கருவுற்ற சில மணி நேரத்தில் முட்டை அந்தப் புரோட்டமினைக் கழற்றி எறிந்துவிட்டு, தன்னிடம் சேமித்து வைத்திருந்த புது ஹிஸ்டோன்களால் தந்தையின் டி.என்.ஏ.வை மறுபடி சுற்றும். மீத்தைல் குறிகளும் பெரும்பாலும் அழிக்கப்படும். ஏறத்தாழ நூறு மரபணுக்கள் மட்டும் தாய் வழியா, தந்தை வழியா என்ற குறியைத் தப்பவைத்துக் கொண்டுபோகின்றன. மனிதர்களில் ஒருவரின் அனுபவம் பேரப்பிள்ளை வரை குரோமாட்டின் வழியாகப் போகிறது என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, இத்தனை அழிப்பையும் தாண்டி அது எப்படிப் போயிற்று என்று அந்தச் செய்தி விளக்குகிறதா என்று பாருங்கள்.